தம்புராவில் கேட்ட பெயரில்லாத நிஷாதம்

சாதகத்துக்கு உட்காருமுன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது என் விடியற்கால வழக்கம். ஆண்குரலுக்கு ஏற்ற ஒரு கட்டைச் சுருதியில் மந்தரத் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 65.4 முறை அதிரும். தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகும் நூலான ஜீவாளியை மயிரிழை அளவு நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தியதும், அந்தத் தந்தியிலிருந்தே அந்தர காந்தாரம் தனியாக எழுவதை இசை பயில்வோர் பலரும் கேட்டிருப்பார்கள். அது ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம், அதாவது தந்தியின் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே எழும் மெல்லிய ஒலி. சென்ற மார்கழியில் ஒரு நாள் அதற்கும் மேலே இன்னொன்று கேட்டது. கைசிகி நிஷாதம் போல இருந்தாலும் அது தாழ்ந்தே நின்றது. தந்தி இறங்கிவிட்டதென்று எண்ணிப் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி, நுட்பமாகச் சுருதி சேர்க்கும் மணிக்காயையும் நகர்த்திப் பார்த்ததில், நன்றாகச் சேர்ந்திருந்த சட்ஜம் கெட்டதுதான் மிச்சம்.

மீண்டும் சுருதி சேர்த்துவிட்டுக் கீபோர்டில் ஒப்பிட்டேன். காந்தாரத்தை அழுத்தியபோது நொடிக்கு இரண்டு மூன்று விம்மல்களாக (சற்றே வேறுபட்ட இரு ஒலிகள் சேரும்போது எழும் ஏற்ற இறக்கங்களாக) மெல்ல அலைந்த ஒலி, நிஷாதத்தை அழுத்தியபோது எட்டு விம்மல்களாகப் படபடத்தது. 65.4ஐ ஏழால் பெருக்கினால் 457.8, கீபோர்டின் நிஷாதமோ 466.2. ஆக, நான் கேட்டது ஏழு மடங்கு மேற்சுரம்; இரண்டு ஸ்தாயி இறக்கினால் 7/4 என்னும் விகிதம், அதாவது சட்ஜத்திலிருந்து 969 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் கைசிகி நிஷாதத்துக்குச் சொல்லப்படும் 16/9, 9/5 ஆகியவை முறையே 996, 1018 சென்ட் என்பதால், இது அவ்விரண்டுக்கும் கீழே, சதுச்ருதி தைவதத்துக்கு மேலே, பெயரில்லாமல் நிற்கிறது. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

பதில் 1

நான் சுவிட்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கு ஒரு கோடை விழாவில் அல்ப்ஹோர்ன் கேட்டேன். துளையோ விசையோ இல்லாத, மூன்று மீற்றருக்கும் மேல் நீளமான மரக்குழல் அது. ஆகையால் இயற்கையான மேற்சுரங்களை மட்டுமே அதில் ஊத முடியும். சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று சென்ற இசை திடீரென ஒரு மத்திமத்தில் நின்றது. அது சுத்த மத்திமமும் அன்று, பிரதி மத்திமமும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. வயலின் பழகும் என் மகள், "பிழையாக ஊதுகிறார், அப்பா" என்றாள். ஊதியவரிடம் கேட்டபோது, அதற்கு அல்ப்ஹோர்ன்-ஃபா என்று பெயரே உண்டு என்றார். அது 11/8, அதாவது 551 சென்ட். பிறகு அவர் அந்தச் சுரத்தை வேண்டுமென்றே நீட்டி ஊதினார். அது மலையில் பட்டுத் திரும்பியபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை.

பதில் 2

வீணை வாசிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு தயக்கம். தந்தியில் 7/4 இருப்பதனாலேயே அது ராகத்திலும் இருக்கிறது என்று ஆகிவிடாது. நம் நிஷாதம் பெரும்பாலும் கமகத்தில் அசைவது, அதை ஒரு புள்ளியில் நிறுத்தி எண் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் காதை நான் சந்தேகிக்கவில்லை. மந்தரத் தந்தியின் நீளத்தில் ஏழில் ஒரு பங்கு வரும் இடத்தை விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால், அந்த நிஷாதம் தனித்து ஒலிக்கும். மற்றொன்றும் செய்து பார்க்கலாம். பொதுவாக ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு (அசையாப் புள்ளி) கொண்ட மேற்சுரம் எழாது. தம்புராவின் வளைந்த குதிரையும் நூலும் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்பதைச் சி.வி. ராமன் 1921இல் எழுதியிருக்கிறார். அதை நம்பாமல், என் தம்புராவில் ஏழில் ஒரு பங்கிலேயே மீட்டிப் பார்த்தேன். நிஷாதம் போகவில்லை.