விண்டோஸ் மாத்தின மறுநாள் உங்க வீட்டுல, கடையில என்ன நடந்துச்சு?

மார்த்தாண்டம்காரன்
அப்பாவுக்கு பத்திரம் எழுதுற தொழில். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிக்குதுன்னு நான்தான் 11 ஏத்திக் குடுத்தேன். மறுநாள் கிரயத்துக்கு வந்த ஆளுங்க பெஞ்சுல இருக்காங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் நேரம் நெருங்குது. அப்பா எப்பவும்போல இடது கீழ் மூலையில கிளிக் பண்ணினாரு. ஸ்டார்ட் வரல, 11-ல அது நடுவுக்குப் போயிருக்கு. வானிலையும் செய்தியுமா ஒரு பலகை வந்து திரைய மூடுது. அத மூடிட்டு திரும்பவும் அதே மூலைக்குத்தான் கை போகுது. மூணாவது தடவை மவுஸ விட்டுட்டு ரெண்டு கையையும் மடியில வச்சிட்டாரு. "மக்ளே, எனக்குக் கண்ணு தெரியலியா?"ன்னாரு. பத்து பேரு முன்னால.

தக்கலை சர்வீஸ் கடை
இதுக்குப் போய் இவ்வளவு வருத்தமா? எங்க கடைக்கு ஒரு டீச்சர் வந்தாங்க, ரைட் கிளிக்ல பேஸ்ட்டக் காணோம்னு. மேல படமா இருக்குன்னு காட்டினேன், சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. நீங்க செய்ய வேண்டியது இதுதான்: டாஸ்க்பார்ல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழ டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அலைன்மென்ட்ட லெஃப்ட் ஆக்குங்க. அதே பக்கத்துல விட்ஜெட்ஸ, அதான் அந்த வானிலைப் பலகைய, ஆஃப் பண்ணுங்க. பழைய ரைட் கிளிக் மெனு வேணும்னா ஷிஃப்ட்ட அமுக்கிட்டு ரைட் கிளிக் பண்ணணும். ஹார்ட் டிஸ்க் பழசுன்னா, அதவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாத்திடுங்க. பத்திரமெல்லாம் பென்டிரைவ்லயும் ஒரு காப்பி வையுங்க.

குளச்சல் கடற்கரை
தக்கலை அண்ணா, டீச்சருக்குப் பின்னால டோக்கனோட யாரும் காத்திருக்கல. விண்டோஸ் 95-லேருந்து ஸ்டார்ட் இருந்த மூலை அது, கை தன்னால போகும்.
2012 கடைசியில விண்டோஸ் 8 வந்த புதுசுல நான் பிரௌசிங் சென்டர்ல வேலை. ஸ்டார்ட் பட்டனே கிடையாது. அணைக்கணும்னா மவுஸ வலது மூலைக்குக் கொண்டுபோய், செட்டிங்ஸ் திறந்து, பவர தேடணும். கப்பல்ல இருக்க மகன்கிட்ட பேச வாரம் ஒருக்கா ஒரு அம்மா வருவாங்க. பேசி முடிச்சா தானே அணைச்சிட்டு எழும்புவாங்க. அன்னைக்கு பேச்சு முடிஞ்சும் எழும்பல. வேற ஏதோ பாக்காங்கன்னு நினைச்சேன். அணைக்கத் தெரியாம, கேக்கவும் கூச்சப்பட்டு, இருபது நிமிஷம் சும்மா இருந்திருக்காங்க. அந்த இருபது நிமிஷத்துக்கும் சேத்து நான் காசு வாங்கிட்டேன். அடுத்த வருஷம் 8.1-ல பட்டன் திரும்ப வந்துச்சு. அவங்க வரல.

மார்த்தாண்டம்காரன்
தக்கலை அண்ணா, லெஃப்ட் அன்னைக்கே மாத்திட்டேன். விட்ஜெட்ஸும் ஆஃப். ஆனா அப்பா இப்பவும் கிளிக் பண்றதுக்கு முன்னால அந்த மூலைய ஒருக்கா குனிஞ்சு பாக்காரு.