வயல் அப்பாவின் கையில், சீனி அம்மாளின் கையிலாம்

முரசுமோட்டையான்:
அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளில் நடுச்சாமத்திலும் மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார். மடை திறக்க வேறு ஆளை நம்பமாட்டார். குளிசை என்றால் மட்டும், "வட்டாப்பளைக் கோயில் அம்மாள் விட்டபடி நடக்கட்டும்" என்கிறார். போன கிளினிக்கில் தந்தது பிரிக்காமலே கிடக்கிறது. ஒரே மனுஷனுக்கு இரண்டு மனமா?

வேப்பமரத்தடி:
இருக்கும். நடப்பது என் செயலாலா, விதியாலா என்று ஆட்கள் நினைப்பதை அளக்க உளவியலாளர் ஜூலியன் ரொட்டர் 1966இல் 29 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். ஆனால் அந்த எண்ணம் விஷயத்துக்கு விஷயம் மாறலாம். மடை திறந்தால் தண்ணீர் உடனே ஓடும். குளிசை போட்டால் கண்ணுக்கு என்ன தெரிகிறது? சீனி பார்க்கும் மீற்றரில் அளந்து காட்டிப் பாருங்கள்.

கனகபுரம் அக்கா:
மீற்றரும் சரிதான் தம்பி. எங்கள் வீட்டில் இவருக்கு நான் சொன்னால் ஏறாது. பேத்தி தண்ணீரும் குளிசையுமாகப் போய் நின்றால் மறுபேச்சில்லை.

முரசுமோட்டையான்:
அக்கா, அப்பாவின் பேத்தி கனடாவில். நேற்று வீடியோ கோலில் "அம்மப்பா, வாயைத் திறவுங்கோ" என்றாள். போட்டார். விழுங்கினாரா என்றுதான் தெரியவில்லை.