சுடச்சுட நெல்லி ரசம் விடேக்கை போத்தலின்ரை அடி கழருது: கண்ணாடியிலை பிழையோ?

கோப்பாய் அக்கா:
வீட்டிலை நெல்லி ரசம் காய்ச்சி விக்கிறன். 85 பாகையிலை இறக்கி உடனை போத்தலிலை விடுவன். இடைக்கிடை ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், அடி மட்டும் வட்டமாக் கழண்டு நிலத்திலை கிடக்கும். சுவரிலை ஒரு கீறலும் இல்லை. பழைய போத்தல்தான், மணல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிறனான். கடைக்காரர் தடிச்ச போத்தலா எடுக்கச் சொன்னார். தடிச்சதுதான் கூட வெடிக்குது!

ஆய்வுகூடத் தம்பி:
வெடிக்கத்தானே செய்யும் அக்கா. உள்பக்கம் சூடாகி விரியேக்கை வெளிப்பக்கம் குளிரா நிண்டு இழுபடும். தடிப்புக் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அடியும் சுவரும் சேர்ற மூலைதான் முதல் விடும்.

கலவைக்கும் பங்கு இருக்கு. சாதாரணப் போத்தலிலை 70 வீதத்துக்கு மேலை சிலிக்கா (மணலிலை இருக்கிற பொருள்), மிச்சம் பெரும்பாலும் சோடாவும் (சோடியம் ஒட்சைட்டு) சுண்ணாம்பும். சிலிக்கா தனிய உருக 1700 பாகை வேணும். சோடா அதைக் குறைக்கும், ஆனா சிலிக்காவின்ரை பிணைப்பை இடையிலை அறுத்துவிடுறதாலை கண்ணாடி சூட்டிலை கூட விரியும். ஆய்வுகூட பீக்கரிலை சோடா குறைவு, போரன் ஒட்சைட்டு 12–13 வீதம். அது விரியிறது மூண்டிலை ஒரு பங்குதான்.

கோப்பாய் அக்கா:
அப்ப அது விழுந்தாலும் உடையாதோ?

ஆய்வுகூடத் தம்பி:
உடையும். வெடிப்பு ஒண்டு தொடங்கினா ரெண்டு கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் விட்டுக்குடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் பலத்தைத் திண்டுபோடுது எண்டு 1920இலேயே கிரிபித் எண்ட ஆங்கிலப் பொறியியலாளர் காட்டிப்போட்டார். மணல் தேய்ப்பை முதல் விடுங்கோ.

போன் கண்ணாடியிலை அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) சேர்த்து, உருகின பொட்டாசியம் நைத்திரேற்றிலை தாழ்ப்பினம். சின்னச் சோடியம் அயன் வெளிய வர, பெரிய பொட்டாசியம் அந்த இடத்திலை நெருக்கி இருந்து மேற்பரப்பை அமுக்கி வைக்கும். கீறல் லேசிலை வாய் திறவாது. ரசப் போத்தலுக்கு ஆர் அந்தச் செலவு செய்யிறது!

பருத்தித்துறை அன்ரி:
பிள்ளை, பீக்கர்க் கண்ணாடிப் போத்தல் வாங்கினா லாபம் முழுக்க அதிலை போயிடும். நான் போத்தலை வெந்நீரிலை சூடாக்கிப்போட்டுத்தான் விடுறனான். ரசத்துக்கும் போத்தலுக்கும் 40 பாகைக்குள்ளை வித்தியாசம் இருந்தாக் காணும். ஈரச் சீமெந்திலை வைக்காதேங்கோ, பலகையிலை வையுங்கோ. அடியிலை நகத்தை ஓட்டிப் பாருங்கோ, சொரசொரத்தா அதிலை சுடுரசம் விடவேண்டாம்.

கோப்பாய் அக்கா:
சரி அன்ரி. மூடினாப் பிறகு பச்சைத்தண்ணித் தொட்டியிலை வச்சு ஆத்தலாமோ?

ஆய்வுகூடத் தம்பி:
வேண்டாம். வெளிப்பக்கம் சட்டெண்டு சுருங்க, அதே இழுவை திரும்ப வரும். காத்திலையே ஆறட்டும்.