குடல்ல ரத்தக்குழாய் கேன்சர் (ஆஞ்சியோசார்கோமா), வீட்ல யாருக்காவது வந்திருக்கா?

குழித்துறைக்காரன்:
எங்க சித்திக்கு வந்துச்சு. ரத்தக்குழாயோட உள்பக்க செல்லுல வர்ற கேன்சர், பெரும்பாலும் வயசானவங்களுக்கு தலையிலயும் முகத்துலயும் தோல்லதான் வருமாம், இவங்களுக்கு சிறுகுடல்ல. மொதல்ல வெறும் ரத்தசோகைதான், மார்த்தாண்டத்துல ரத்தம் ஏத்தி அயன் மாத்திரை குடுத்தாங்க, அந்த மாத்திரைக்கு கறுப்பாதான் போகும்னு சொன்னதால கறுப்பா போனத யாரும் பெருசா எடுத்துக்கல, ஆனா ஏத்துன ரத்தம் நிக்கவே இல்ல. எண்டோஸ்கோப்பி நார்மல், கொலோனோஸ்கோப்பி நார்மல். அப்புறம் திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர்தான் "ரெண்டு டியூபும் எத்தாத்த (எட்டாத) சிறுகுடல் நடுவில உண்டு"ன்னு சொல்லி கேப்சூல் கேமரா முழுங்க வச்சார். முன்னாடி கரண்டு (ரேடியேஷன்) வச்சிருக்கா அம்மான்னும் கேட்டார். வச்சிருக்கு, பல வருஷம் முன்ன கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு.

அன்னைக்கு ஆரம்பிச்சது வீட்ல சண்டை. கரண்டு வைக்காம இருந்திருந்தா இது வந்திருக்காதேன்னு மாமா இன்னும் சொல்லிட்டுதான் இருக்கார். ரேடியேஷன் பட்ட இடத்துல ரொம்ப வருஷம் கழிச்சு இது வரலாம்ங்கறது உண்மைதான், ஆனா வர்றது ரொம்ப அபூர்வம், அன்னைக்கு அத வைக்காம இருந்திருந்தா சித்தி பிள்ளைக கல்யாணம் பாத்திருப்பாங்களான்னு கேட்டா அவர்கிட்ட பதில் இல்ல.

புனலூர் லேப்:
நான் செங்கோட்டை, வேலை புனலூர்ல. இதுல ஒரு வகை மைக்ராஸ்கோப்ல பாக்க சாதாரண குடல் கேன்சர் மாதிரியே இருக்கும், சாதாரண குடல் கேன்சர்ல பிடிக்கிற கெராட்டின் சாயம் கூட பிடிச்சுக்கும், அதனால மொத ரிப்போர்ட் தப்பா போறதுக்கு நிறைய சான்ஸ். சிடி31, ஈஆர்ஜின்னு ரெண்டு சாய டெஸ்டும் போட்டாதான் ரத்தக்குழாய் செல்லுன்னு தெரியும். ரிப்போர்ட் பேப்பர மட்டும் தூக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, மெழுகு பிளாக்க (வெட்டி எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கற கட்டி) கேட்டு வாங்கிட்டு போங்க, அவங்க திரும்ப டெஸ்ட் பண்ண அதுதான் வேணும்.

குழித்துறைக்காரன்:
ஆமாண்ணே, எங்களுக்கும் மொத ரிப்போர்ட் வேறதான். ஆபரேஷன்ல குடல வெட்டி எடுத்தாங்க, ஆனா ஒரே கட்டி இல்ல, அங்கங்க இருந்துச்சு. அப்புறம் வாராவாரம் பேக்லிடாக்சல்ங்கற கீமோ மருந்து. ரத்தப்போக்கு கொஞ்ச நாள் நின்னுச்சு, கப்பையும் மீன்கறியும் கேட்டு சாப்பிட்டாங்க, விரல் மரத்துப்போய் சேலைக்கு பின் குத்த முடியலன்னுதான் ஒரே புலம்பல். லிவருக்கு போனதும் தாங்கல, ஒரு வருஷம் கூட ஆகல.

பாறசாலை மருமக:
வருத்தமா இருக்கு தம்பி. எங்க மாமியாருக்கும் இப்ப ரத்தம் இறங்கிட்டே இருக்கு, ரெண்டு ஸ்கோப்பும் நார்மல், அவங்களுக்கும் முன்ன கரண்டு வச்சதுதான். கேப்சூல் உள்ள மாட்டிக்கும்னு பயமுறுத்துறாங்களே?

குழித்துறைக்காரன்:
குடல் எங்கயாவது சுருங்கியிருந்தா மாட்டலாம் அக்கா, கரண்டு வச்ச குடல் சுருங்கவும் செய்யும். அதனால எங்களுக்கு மொதல்ல சிடி ஸ்கேன் எடுத்து பாத்துட்டுதான் குடுத்தாங்க. உங்க டாக்டர்கிட்ட பழைய கரண்டு கதைய நீங்களே சொல்லிடுங்க, பழைய ஃபைல் இருந்தா கையோட கொண்டுபோங்க. இதுவேதான்னு இப்பவே பயப்படாதீங்க, கரண்டு பட்ட குடல் புண்ணாகியும் ரத்தம் போகும்.