விண்டோஸ் 7 இல் புதுப் புரோகிராம்கள் ஓட ஏதாவது வழி இருக்கிறதா?

ஒட்டுசுட்டான்_கடை:
அண்ணாமார் அக்காமார், ஒரு உதவி. ஒட்டுசுட்டானில் சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் நடத்துகிறேன், போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் இப்படி. கடையில் நிற்பது பழைய கோர் 2 டியோ, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7, 32 பிட். ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்க முதலே சொல்லிவிடுகிறேன், லேசர் பிரிண்டருக்குக் கையில் இருக்கிற டிரைவர் இதில்தான் ஒழுங்காக ஓடுகிறது, பாமினியில் அடித்த கடிதம், கலியாணக் கார்ட், அந்தியேட்டி அழைப்பிதழ் எல்லாம் இதற்குள்ளேதான் கிடக்கின்றன. குரோம் 109 ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. புதிதாக எதை இறக்கிப் போட்டாலும் கெர்னல்32.டிஎல்எல் இல் ஏதோ இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இன்னொன்று, சில நாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சிவப்பாகக் காட்டும், சில நாள் ஒன்றுமில்லை. புது மெஷின் சிறுபோகம் வெட்டின பிறகுதான் யோசிக்கலாம்.

குளக்கட்டு:
தங்கச்சியோ தம்பியோ தெரியாது, பயப்படாதீங்கோ, வழி இருக்கு. அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்றால், புதுப் புரோகிராம்கள் விண்டோஸிடம் சில வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்கும், உதாரணமாக நேரத்தை மிகத் துல்லியமாகக் கேட்கிற ஒரு பங்ஷன், அது விண்டோஸ் 8 இல்தான் வந்தது. 7 இல் அந்தப் பெயரே இல்லை, அதனால் புரோகிராம் வாசலிலேயே நின்றுவிடும். விஎக்ஸ்கெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது இல்லாத பங்ஷன்களைத் தானே கொடுத்து, இது புது விண்டோஸ்தான் என்று புரோகிராமை நம்பவைக்கும். போட்டபிறகு அந்தப் புரோகிராமின் இஎக்ஸ்இ கோப்பு மேல் ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், அதில் ஒரு டிக், அவ்வளவுதான். எல்லாம் ஓடாது, நிறைய ஓடும். பிரவுசருக்கு சூப்பர்மியம் பாருங்கள், குரோமுக்கு அடிப்படையான புதுக் குரோமியத்தைப் பழைய விண்டோஸுக்கு ஏற்றபடி திருத்தியது. லிப்ரே ஆபிஸ் என்றால் 25.2 இல் நில்லுங்கள், 25.8 இல் 7 ஐக் கைவிட்டுவிட்டார்கள். இதுக்கெல்லாம் முதல் சர்வீஸ் பேக் 1, கூடவே 2019 இல் வந்த, ஷா-2 என்கிற புது வகைக் கையொப்பத்தைப் புரியவைக்கிற திருத்தம் கேபி4474419, இரண்டும் ஏறியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் புதுக் கையொப்பம் போட்ட டிரைவர்களையும் அப்டேட்களையும் அது நம்பாது.

பரந்தன்_சந்தி:
குளக்கட்டு அண்ணை சொன்னது வேலை செய்யும், அதில் சண்டை இல்லை. ஆனால் இது வீட்டில் பாட்டுக் கேட்கிற கொம்பியூட்டர் இல்லை. சனம் அடையாள அட்டை நம்பர், பாங்க் கணக்கு, பரீட்சை விண்ணப்பத்தின் பாஸ்வேர்ட் எல்லாம் அடிக்கிற இடம். விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 உடன் ஆதரவு முடிந்தது, காசு கட்டின நிறுவனங்களுக்குக் கூட 2023 ஜனவரியோடு சரி. பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கீழே இருக்கிற ஓட்டையை அது அடைக்காது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கிற வானாகிரை வைரஸ் வந்தபோது பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை 7 தான், அப்போது திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். இன்றைக்கு இன்னொன்று வந்தால் போடுவதற்குத் திருத்தமே இல்லை. சூப்பர்மியமும் பெரிய கம்பெனி கட்டிக்காப்பது இல்லை, அவர்கள் அலுத்துப்போனால் அதுவும் நிற்கும்.

யாராவது வந்து விண்டோஸ் 10 போடு என்று சொல்லமுதல், அதுவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய புரோசஸரில் ஏறாது, அந்தக் கதையே வேண்டாம்.

என் யோசனை லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம், அதில் பழைய மெஷினுக்கும் பாரமில்லாத எக்ஸ்எப்சிஇ பதிப்பு. கோர் 2 டியோ 64 பிட் தாங்கும், நீங்கள் 32 பிட் போட்டு வைத்திருப்பதால் அது தெரியவில்லை. 4 ஜிபி காணும். 7 ஐ அழிக்கவேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அதற்கு முதல் அழைப்பிதழ் கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுத்துவையுங்கள். இன்டர்நெட் எல்லாம் மின்டில், பழைய டிசைன் திருத்துவது 7 இல், இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு. பாமினி வெறும் எழுத்துருதானே, டிடிஎப் கோப்பைப் போட்டால் மின்டிலும் அதே விசைகளில் அதே எழுத்து வரும்.

ஒட்டுசுட்டான்_கடை:
தங்கச்சிதான் :) பிரிண்டர் மின்டில் ஓடுமா அண்ணா? அது இல்லாவிட்டால் கடையே இல்லை.

பரந்தன்_சந்தி:
மொடலைப் பொறுத்தது தங்கச்சி. எந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடும் என்று சொல்கிற ஓபன்பிரிண்டிங் தளத்தில் மொடல் பெயரைத் தேடிப் பாருங்கள். அதைவிடச் சுலபம், மின்டை இன்ஸ்டால் பண்ணாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்டலாம், பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வந்தால் சரி. வராவிட்டால் பிடிஎப் ஆக்கி, 7 க்குப் போய் அடிக்கவேண்டும், அது கரைச்சல்தான், வாடிக்கையாளர் நிற்கும்போது ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருக்க ஏலாது. அப்படியென்றால் செகண்ட் ஹாண்ட் மெஷின் ஒன்று வரும்வரை குளக்கட்டு அண்ணை சொன்னதோடு சமாளியுங்கள், ஆனால் பாங்க் வேலையை மட்டும் சனத்தின் சொந்த போனிலேயே செய்யச் சொல்லுங்கள்.

மாங்குளம்_அக்கா:
எல்லாரும் பெரிய விஷயம் கதைக்கிறீங்கள், அந்தச் சிவப்பு எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சில நாள் மட்டும், அதுவும் காலையில் என்றால் அது விண்டோஸ் பழசானதால் இல்லை. மூலையில் திகதியைப் பாரம்மா. இரவு கரண்ட் போய், போர்டில் நேரத்தை ஞாபகம் வைத்திருக்கிற சிஎம்ஓஎஸ் பற்றரியும் செத்திருந்தால் திகதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும், அப்போது தளங்களின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைக்கும். நீ நேரத்தைச் சரிபண்ணுகிற நாளில் சிக்கல் இருக்காது. சிஆர்2032, வட்டமான சின்னப் பற்றரி, மணிக்கூட்டுக் கடையில் கேள்.

ஒட்டுசுட்டான்_கடை:
அக்கா!! 2009 ஜனவரி என்று நிற்கிறது. மாற்றினவுடன் எல்லாத் தளமும் திறக்கிறது. பற்றரி நாளைக்கு வாங்குகிறேன். மின்ட் இறக்கத்தான் டேட்டா காணாது, 3 ஜிபிக்குக் கிட்ட வருகிறதே.

பரந்தன்_சந்தி:
இந்தப் பக்கம் யாராவது வந்தால் 8 ஜிபி பென் ஒன்று கொடுத்துவிடுங்கள், பூட் ஆகிற மாதிரி எழுதித் தருகிறேன். வெறும் பென்னாக இருக்கட்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.