ஏழு இருக்கை வாகனம்: வருமுன்னே அட்வான்ஸ் கட்டலாமா?

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் ஏழு பேர். இப்போது இருக்கும் பழைய வானில் கொழும்புக்குப் போனால், ஏ9 வீதியில் மதவாச்சி தாண்டவே அம்மம்மாவின் முழங்கால் பிடித்துவிடுகிறது. அதனால் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றுதான் என்று முடிவெடுத்தோம்.

பார்த்து வைத்திருக்கும் மொடல் இன்னும் இலங்கைக்கு வரவில்லை. விற்பவர் இப்போதே அட்வான்ஸ் கேட்கிறார்; விலையை மட்டும் "வந்த பிறகு பார்ப்போம்" என்கிறார். இதுதான் இடிக்கிறது. 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், எஞ்சின் சிசியைப் பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் ஆடம்பர வரி, 18% வற் (பெறுமதி சேர் வரி) என்று ஏறிக்கொண்டே போகிறது. டொலரும் கூடினால்? வரி மாறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது என்று அட்வான்ஸ் துண்டில் எழுதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுத்தது மூன்றாம் வரிசை. படத்தில் எல்லாம் விசாலம்தான். வளர்ந்த ஆள் ஒருவர் அதில் வவுனியா வரையாவது நிமிர்ந்து இருக்க முடியுமா? ஏழு பேரும் ஏறினால் பின்னால் ஒரு பனங்கிழங்குக் கட்டு வைக்கவாவது இடம் மிஞ்சுமா? ஏசி காற்று அங்கே போகிறதா?

கனடாத் தம்பி தன் வாகனத்தைக் காட்டி ஆசை மூட்டுகிறான். அது இடப்பக்க ஸ்டியரிங், இங்கே சரிவராது.

ஹைபிரிட் என்றால் யாழ்ப்பாணத்திலேயே நம்பிப் பார்க்கக் கொடுக்கக்கூடிய கராஜ் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் விற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.