புதுப்பிப்பு: 9,200 பவுண்ட் இழுக்கும் பிக்கப்புக்கு 7,000 பவுண்ட் டிரெய்லர் ஒத்துவருமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒத்துவரவில்லை. விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை விட்டுவிட்டு ஓட்டுநர் கதவுத் தூண் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது.

அதில் பேலோட் (வண்டி ஆட்கள், சாமான், கொக்கிமேல் இறங்கும் எடை எல்லாம் சேர்த்துச் சுமக்கக்கூடியது) 1,420 பவுண்ட். நான்கு பேர் 580, ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி அமைப்பு) 90, பின்தொட்டிச் சாமான் 100, மீதி 650. டிரெய்லர் எடையில் 13 சதவீதம் கொக்கியில் இறங்கும் என்ற கணக்குப்படி, அந்த 7,000 பவுண்ட் டிரெய்லர் முழுப் பாரத்தில் கொக்கியில் மட்டும் 910 இறக்கும். ஆகவே முழு எடை வரம்பு 5,500 உள்ளதை எடுத்தாயிற்று; அதே கணக்கில் அதுவும் முழுப் பாரத்தில் 650-ஐத் தாண்டும் என்பதால் முழுதாக ஏற்றுவதில்லை.

டிரக் ஸ்டாப் எடைமேடையில் வண்டியைத் தனியாக ஒருமுறை, டிரெய்லரை மாட்டி ஸ்பிரிங் பார் (எடையைப் பரப்பும் ஹிட்ச் கம்பிகள்) போடாமல் ஒருமுறை நிறுத்துங்கள். வண்டியின் இரு அச்சுகளின் மொத்த எடை இரண்டாம் முறை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் டங் வெயிட், அதாவது டிரெய்லர் கொக்கியில் இறக்கும் எடை. இங்கே 610; டிரெய்லர் மொத்தம் 4,900.

எதிர்பாராதவை இரண்டு. ரிசீவர் (வண்டியின் பின்னால் ஹிட்ச் செருகும் குழாய்) ஸ்டிக்கரில், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ஸ்பிரிங் பார் உள்ள, எடையை மற்ற அச்சுகளுக்கும் பரப்பும் வகை) இல்லாமல் டங் வெயிட் 500 பவுண்ட்தான் வரம்பு. அதனால் அந்த ஹிட்ச் கட்டாயம். இன்னொன்று, டிரெய்லரின் 40 கேலன் தண்ணீர்த் தொட்டி அதன் அச்சுக்குப் பின்னால். நிரப்பினால் (கேலனுக்கு 8.3 பவுண்ட்) டங் வெயிட் 545-க்கு இறங்குகிறது, அதாவது டிரெய்லர் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி. அதற்கும் கீழே போனால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடக்கூடும். தொட்டியைக் காலியாக வைத்து ஓட்டி, முகாமில் நிரப்புவதே நல்லது.